மணக்காத ரசம்

2021 ஜூலை 14, மதுரை

கொரோனா காய்ச்சல் விட்டு இரண்டு நாளாகிறது. ஆக்சிமீட்டரில் 97. காலையில் பல் விளக்கும்போது பேஸ்ட் வெறும் நுரையாக இருந்தது. கம்பெனி மாறிவிட்டதோ என்று ட்யூபைத் திருப்பிப் பார்த்தேன். மதியம் மனைவி அறை வாசலில் ரசம் வைத்துவிட்டுப் போனாள். சூடு தெரிந்தது, புளிப்பு லேசாகத் தெரிந்தது, அதற்குமேல் ஒன்றுமில்லை.

"பெருங்காயம் போடலையா?"

"தெருமுனை வரைக்கும் மணக்குதுங்க" என்றாள் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

சளி பிடித்தால் மூக்கு அடைக்கும், வாசனை போகும், அது பழகினது. இதில் மூக்கு துளிகூட அடைக்கவில்லை. காற்று தாராளமாகப் போய் வருகிறது, கையில் எதையும் கொண்டுவராமல்.

ஜூலை 15

மாடிவீட்டுக்காரர் போன் செய்தார். "ரெண்டு ஊசி போட்டும் வந்துருச்சே சார், அப்புறம் எதுக்கு அது?" விசாரிப்பில் ஒரு சின்ன சந்தோஷம் இருந்ததாக எனக்குப் பட்டது. மார்ச்சில் ஒன்று, ஏப்ரல் கடைசியில் ஒன்று, கோவிஷீல்டு. என் மைத்துனர் "மொதல்ல நீங்க போடுங்க மாப்ள, பார்த்துக்கிட்டு நான் போடுறேன்" என்றார். மே மாதம் பதினோரு நாள் ஆக்சிஜனில் கிடந்தார். திரும்பி வரவில்லை. இதை மாடிவீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. வாசனை போன எரிச்சலில் வேறு மாதிரி வந்துவிடும்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். ஊசி கையில் போடுவது. எதிர்ப்பொருள் பெரும்பாலும் ரத்தத்தில் ஓடுகிறது. நுரையீரலைக் காக்க அது கெட்டி. மூக்கின் உள்சவ்வுக்குத் தனிக்காவல் வேண்டும், கையில் போடும் ஊசியால் அது அவ்வளவாக வருவதில்லை. வைரஸ் வந்து இறங்குவதோ மூக்கில்தான். "திருடன் வீட்டுக்குள்ள போகல சார். திண்ணையில கெடந்த செருப்பத் தூக்கிட்டுப் போயிட்டான்."

ஜூலை 19

தட்டில் நான்கு சிட்டிகை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன்: உப்பு, சீனி, புளி, வெந்தயப் பொடி. நான்கும் தெரிந்தன, பழைய ரேடியோவில் தூரத்து ஸ்டேஷன் மாதிரி. பிறகு கொத்தமல்லித் துவையலும் புதினாத் துவையலும். எது எதென்று சொல்ல முடியவில்லை. இரண்டும் உப்பும் உறைப்பும் உள்ள பச்சைச் சாந்து, அவ்வளவுதான். ஐம்பத்தெட்டு வருஷமாக நாக்கு ருசி என்று பெருமையடித்துக்கொண்டது பாதிக்குமேல் மூக்கின் வேலை. மெல்லும்போது தொண்டை வழியாக மேலேறுகிற மணம்தான் துவையலைக் கொத்தமல்லி ஆக்குகிறது. கபசுரக் குடிநீரின் கசப்பு மட்டும் குறையில்லாமல் தெரிகிறது. விதி.

தினமும் போனில் விசாரிக்கும் பெண் காய்ச்சல் கேட்கிறாள், மூச்சுத்திணறல் கேட்கிறாள். வாசனை தெரியவில்லை என்றேன். "அது தானா வந்துரும் சார்." 2020 ஜூனிலேயே மத்திய அரசின் அறிகுறிப் பட்டியலில் இது ஏறிவிட்டது. அறிகுறியாக ஏறியதோடு சரி. இதையும் ஒரு நோவு என்று யாரும் எண்ணுவதாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 3

இன்று நடந்ததை எழுதக் கை கூசுகிறது. மனைவி பூ வாங்கப் போயிருந்தாள். அடுப்பில் பால். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்து பர்னரை அணைத்திருக்கிறது. பார்க்கவில்லை. கேட்டைத் திறந்ததுமே அவள் கத்தினாள்: "ஏங்க, கேஸு! ஸ்விட்ச்சத் தொடாதீக!" ஓடிவந்து சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அதன்பிறகுதான் என்னைப் பார்த்தாள். கையில் மல்லிகைப் பொட்டலம் அப்படியே இருந்தது.

சமையல் எரிவாயுவுக்கு இயற்கையில் மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்றே மெர்காப்டன் என்ற நாற்றத்தைக் கலக்கிறார்கள். வாசல்வரை போன நாற்றம் மூன்றடி தள்ளியிருந்த எனக்கு எட்டவில்லை.

ஆகஸ்ட் 20

காது மூக்கு தொண்டை மருத்துவர். வைரஸ் முதலில் தாக்குவது மணத்தை வாங்கும் நரம்பணுக்களை அல்லவாம், அவற்றுக்கு முட்டுக்கொடுத்து நிற்கும் துணை அணுக்களை. ஒட்டிக்கொள்வதற்கான ஏசிஇ-2 ஏற்பி அவற்றில்தான் இருக்கிறது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2020-இல் காட்டியது. துணை அணுக்கள் முளைத்துவிடும் என்பதால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் திரும்புகிறது.

எனக்குப் பயிற்சி: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். காலையும் மாலையும், ஒவ்வொன்றும் பதினைந்து இருபது விநாடி, குறைந்தது மூன்று மாதம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மல் 2009-இல் சோதித்துச் சொன்ன முறை. நீலகிரித் தைலம் நன்றாகத் தெரிகிறது என்று உற்சாகமாகச் சொன்னேன். "அது வாசனை இல்ல சார், குளிர்ச்சியும் எரிச்சலும். அதுக்கு வேற நரம்பு" என்றார். மிளகாய் உறைத்ததும் அந்த நரம்பால்தான். ஒரே ஒரு வெற்றி இருந்தது, அதுவும் போயிற்று.

நவம்பர் 7

வாசனை வருகிறது, ஆள்மாறாட்டமாக. காபி, டயர் எரிவதுபோல. வெங்காயம் வதங்கினால் அழுகின வாடை. தீபாவளியன்று முறுக்குப் பிழிந்த எண்ணெய் வீச்சம் தாங்காமல் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தேன். நரம்புகள் புதிதாக ஒயர் இழுக்கும்போது இப்படித் தப்பாகக் கோத்துக்கொள்ளுமாம். நல்ல அடையாளம்தான் என்கிறார் மருத்துவர். அவர் அந்தக் காபியைக் குடிக்கவில்லை.

2022 ஏப்ரல் 18

லான்செட்டில் இம்மாதம் வந்த பிரிட்டன் ஆய்வு ஒன்றைப் பேப்பரில் பார்த்தேன். எல்லோரும் தடுப்பூசி போட்டவர்கள். டெல்டா வகை வைரஸ் பரவிய காலத்தில் தொற்றியவர்களில் 52.7 சதவீதம் பேருக்கு வாசனை போயிருக்கிறது. ஒமிக்ரான் காலத்தில் 16.7. அப்படியானால் ஊசி போட்டும் மூக்கை இழந்தவன் நான் ஒருவன் இல்லை. டெல்டாவில் பாதிப்பேர் என் கட்சி. கத்தரித்து மாடிவீட்டுக்காரரிடம் கொடுத்தேன். ஜனவரியில் அவருக்கும் வந்து போனது. ஒருநாள் தொண்டைக் கரகரப்பு. அதற்குள் அவரும் இரண்டு ஊசி போட்டிருந்தார்.

நேற்று மாலை மனைவி தலையில் வைத்திருந்த மல்லிகை, கூடத்தில் கடந்து போகும்போது, ஒரு கணம் மல்லிகையாகவே மணந்தது. கூப்பிட்டு மறுபடி முகர்ந்தேன். இல்லை. இன்று காலை எலுமிச்சையும் கிராம்பும் தெரிந்தன. காபி பாதி காபி. பெருங்காயம் இன்னும் வரவில்லை. பால் அடுப்பில் இருந்தால் நான் பேப்பர் எடுப்பதில்லை.