மணிக்கட்டுக்குள்ள ஒரு தெமோதரை வளைவு

எங்க பக்கத்துல "கையப் புடிச்சுப் பார்த்தாரு"ன்னு சொன்னா நாடி பார்த்தார்னு அர்த்தம். பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் துடிக்கிற அந்த ஆரை நாடி வழியாகத்தான் இன்றைக்கு டொக்டர்மார் இருதயம் வரைக்கும் போகிறார்கள். மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு, மருந்து செலுத்தி, எங்கே அடைப்பு என்று படம் எடுக்கிறார்கள். அதுதான் அஞ்சியோகிராம். முன்பு பெரும்பாலும் தொடை வழியாகத்தான் செய்தார்கள். 1989இல் கனடாவின் மொன்றியலில் லூசியன் கம்போ என்ற மருத்துவர், மணிக்கட்டு வழியாகச் செய்த முதல் 100 பேரின் அனுபவத்தை எழுதி வெளியிட்டார்.

தொடை வழி என்றால் பல மணித்தியாலம் காலை மடக்காமல் மல்லாந்து படுக்கணும், இரத்தக் கசிவு ஆபத்தும் கூட. கை வழி என்றால் சீக்கிரமே எழுந்து உட்காரலாம். ஹல்துமுல்லையிலிருந்து பஸ் மாறி மாறிப் போய், கூட வந்தவருக்கும் நாள் பேர் போகிற எங்களுக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

எங்க பெரியம்மாவுக்குக் கையில் தொடங்கி, கடைசியில் தொடையில்தான் முடிந்தது. ஏன் என்று வாட்டில் அவங்களுக்குத் தமிழில் யாரும் சொல்லவில்லை. லயத்துல இரண்டு கதை பரவியது. ஒன்று, "டொக்டர் தப்பாக் குத்திட்டாரு." மற்றது, "முப்பது வருஷம் கொழுந்து பறிச்ச கை, நரம்பெல்லாம் முறுக்கிடுச்சு." இரண்டையும் கேட்டு, நெஞ்சு வலி இருக்கிற பக்கத்து வீட்டு அக்கா "நான் போகவே மாட்டேன்"னுட்டாங்க. அப்போதான் நாங்கள் தேடி வாசிக்கத் தொடங்கினோம்.

மணிக்கட்டில் நாடி எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் துடிக்கும். மேலே அது போகிற பாதைதான் ஆளுக்கு ஆள் வேறு. வழக்கமாக முழங்கைக்குச் சற்றுக் கீழே பிரிகிற ஆரை நாடி, சிலருக்கு மேற்கையிலேயே பிரிந்து ஒடுங்கி வரும். சிலருக்கு முழங்கை அருகே முழு வட்டம் அடிக்கும். தெமோதரையில் ரயில் சுற்றி வந்து தன் ஸ்டேஷனுக்குக் கீழேயே போகுதே, அது மாதிரி. சிலருக்குப் பெரகலை ஏற்றம் போல வளைவுக்கு மேல் வளைவு. உயரத்தில் பிரிவதெல்லாம் கருவிலேயே அமைவது. வளைவுகள் வயதோடும் இரத்த அழுத்தத்தோடும் கூடலாம். கொழுந்து பறித்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நாடியே 2, 3 மில்லிமீற்றர் அகலம்தான். பெண்களுக்கு இன்னும் சிறிது, இறுகிக்கொள்வதும் அதிகம்.

பிரித்தானியாவில் 1540 பேரைப் பார்த்து 2009இல் வந்த ஓர் ஆய்வில், 13.8 சதவீதமானோருக்கு இப்படி வேறு பாதை இருந்தது. கிட்டத்தட்ட ஏழு பேரில் ஒருவர். வழக்கமான பாதை உள்ளவர்களில் கை வழி கைகூடாமல் போனது 0.9 சதவீதம், வேறு பாதை உள்ளவர்களில் 14.2, முழு வட்டம் உள்ளவர்களில் 37.1. அப்படி மாட்டினால் டொக்டர்மார் கையையே படம் எடுத்து, மெல்லிய வயரால் வட்டத்தை நிமிர்த்திப் பார்ப்பார்கள். முடியாவிட்டால் மற்றக் கை, அல்லது தொடை. வற்புறுத்தித் தள்ளினால்தான் நாடி காயப்படும். வழியை மாற்றுவது தவறல்ல, கவனம்.

கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு உறைத்தது ஒரு சொல். ஆங்கில ஆய்வுகள் சில இதை வழமைக்கு மாறான ஒன்று என்கின்றன, சில வெறும் மாறுபாடு என்கின்றன. தமிழில் காதுக்கு வரும்போது அது "கோளாறு" ஆகிவிடுகிறது. தன் கையில் கோளாறு என்று கேட்கிற அம்மா ஒருத்தி இனி கையை நீட்டுவாளா? 1987இலிருந்து அரசியலமைப்பில் தமிழும் ஆட்சிமொழி. ஆனால் "உங்க நாடி வேற வழியில போகுது, அதனால தொடையில செய்றோம்" என்ற ஒரு வரி எங்க பெரியம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

அதனால் வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால் இரண்டு காரியம் செய்யுங்கள். கை வழி சரிவராவிட்டால் அடுத்து என்ன செய்வீங்க என்று முதலிலேயே கேளுங்கள். எந்தக் கையில், ஏன் சரிவரவில்லை என்பதைக் கிளினிக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த முறை பார்க்கிற டொக்டருக்கு அது உதவும். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இதைத்தான் சொல்லியிருக்கிறோம். அவங்க இன்னும் யோசிக்கிறாங்க.