மருத மரங்களின் கணக்கு

பழந்தமிழர் வயல்சார்ந்த நிலத்தை மருதம் என்றனர். நெல்லை விடுத்து, ஆற்றங்கரை மரமொன்றின் பெயரை அந்நிலத்துக்கு ஏன் இட்டனர் என்று பள்ளியில் நான் கேட்டதில்லை. அக்கேள்வி பொருளியல் விரிவுரை மண்டபத்திலேதான் எனக்கு எழுந்தது.

மன்னார் மாவட்டத்தில் எங்கள் வயலின் ஓர் எல்லை அருவியாறு. அனுராதபுரத்தினூடாக வரும் அவ்வாறு, தேக்கம் அணையில் மறிக்கப்பட்டுக் கட்டுக்கரைக் குளத்துக்கும் நீர் கொடுக்கின்றது. அதன் கரைகளில் மருதும் நாவலும் இலுப்பையும் செறிந்து வளரும். மருதமடு, இலுப்பைக்கடவை என்னும் எம் மாவட்டப் பெயர்களே அம்மரங்களுக்குச் சான்று.

நான் பல்கலைக்கழகம் புகுந்த ஆண்டில், கரையில் நின்ற ஏழு மருத மரங்களைத் தந்தையார் மரக்காலைக்காரர் ஒருவருக்கு விற்றார். என் முதலாண்டுச் செலவுக்கு உதவியது அப்பணமே. வெறுமையான கரையில் மேலும் அரை ஏக்கர் விதைத்தோம். தேசிய வருமானக் கணக்கு முறைப்படி மரவிற்பனையும் உற்பத்தி, நெல்லும் உற்பத்தி. அழிந்த மரம் எதிலும் கழிக்கப்படுவதில்லை.

மரங்கள் நின்றபோது செய்த தொழிலுக்கோ விலையே இல்லை. மாரி வெள்ளம் மரச்செறிவுள் புகுந்து வேகம் தணியும். பாரமான மணல் அங்கேயே படிய, மெல்லிய வண்டலே வயலை அடையும். பின்னிய வேர்கள் கரையைப் பிடித்து நிற்கும். கோடையில் மாடுகளுக்கு நிழல்; பூக்குங்காலத்தில் தேன். மருதம்பட்டை இருதய நோய்க்கு மருந்து. அதனைச் சுட்ட சாம்பலை வெற்றிலைக்குச் சுண்ணாம்பாகக் கொண்டோரும் உளர்.

அடுத்த காலபோகத்தில் வெள்ளம் வந்தது. புதிய அரை ஏக்கரோடு பழைய வயலிலும் ஒரு துண்டை முழங்காலளவு மணல் மூடிற்று. அதனை அள்ளுவதற்குக் கொடுத்த உழவு இயந்திரக் கூலி, மரவிலையில் பாதிக்கு மேல்! அக்கூலியும் நாட்டுக் கணக்கில் வருமானமே என்பதுதான் வேடிக்கை.

இதற்கு விலை மதிக்க இயலாது என்பாருமுளர். ஐக்கிய அமெரிக்காவில் சார்ள்ஸ் ஆற்றின் வெள்ளத்தைத் தடுக்க, அணை கட்டுவதினும் மலிவென்று கண்டு, 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் ஏறத்தாழ 8,000 ஏக்கர் ஈரநிலத்தை அரசு பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. அங்கே ஈரநிலத்தின் தொழிலையும் பணத்தால் அளந்தனர்.

விடுமுறையில் இதனைத் தந்தையாருக்கு விளக்கினேன். “அப்ப, உன்ர படிப்புக்குப் போன மரத்தை எந்தப் பக்கத்தில எழுதுவாய்?” என்றார். என்னிடம் விடை இருக்கவில்லை.

இவ்வாண்டு அந்த அரை ஏக்கரை அவர் விதைக்கவில்லை. வேலியை உள்ளே தள்ளிப் போட்டுவிட்டார்.