எங்கே நின்றது ஈவென்ட்?

“ஈவென்ட் வரலைங்க” என்று டெஸ்டர் வந்து நின்றால் நான் கேட்கும் முதல் கேள்வி, “எங்க வரலை?” என்பதுதான். ஒருவர் மொபைல் ஆப்பில் பட்டனைத் தொட்டதிலிருந்து அது ரிப்போர்ட்டில் ஓர் எண்ணாக ஏறுவதற்குள் பல கை மாறுகிறது. நம் கோட் ஈவென்டை எழுப்ப வேண்டும், ஃபயர்பேஸ் எஸ்டிகே அதை ஏற்க வேண்டும், போன் அனுப்ப வேண்டும், சர்வர் கணக்கில் சேர்க்க வேண்டும். எந்த இடத்தில் நின்றது என்று தெரியாமல் கோடில் கை வைத்தால் சரியாக ஓடிக்கொண்டிருந்த இடமும் கெட்டுப்போகும்.

வரவில்லை என்று சொல்லப்படுவதில் பல, இன்னும் வந்து சேராதவைதான். பேட்டரியையும் டேட்டாவையும் மிச்சம் பிடிக்க, ஃபயர்பேஸ் ஈவென்ட்களைச் சேர்த்துவைத்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மொத்தமாக அனுப்புகிறது. உடனுக்குடன் பார்க்க டீபக் மோடைப் போட வேண்டும். ஆண்ட்ராய்டில் ஏடிபி வழியே ஒரு செட்ப்ராப் கட்டளை, ஐபோனுக்கு எக்ஸ்கோடில் ஒரு லாஞ்ச் ஆர்க்யுமென்ட். அதன்பிறகு ஃபயர்பேஸின் டீபக்வியூ திரையில் ஈவென்ட்கள் வரிசையாக வந்து விழும். அப்படியும் திரை வெறுமையாக இருந்தால் பேக்கேஜ் பெயரைப் பாருங்கள். டெஸ்ட் பில்டுக்குப் பல குழுக்களில் பெயரின் கடைசியில் ‘டீபக்’ என்று ஓர் ஒட்டு சேர்த்திருப்பார்கள். கட்டளையில் ஒட்டில்லாத பெயரைக் கொடுத்திருந்தால் டீபக் மோட் அந்த பில்டைத் தொடவே தொடாது. பிழைச் செய்தியும் வராது. இன்னொன்று, டீபக் மோடில் எழுந்த ஈவென்ட்கள் வழக்கமான ரிப்போர்ட்டில் சேர்க்கப்படுவதில்லை. அவற்றை மறுநாள் ரிப்போர்ட்டில் தேடுவது வீண்வேலை.

டீபக்வியூ அழகாக இருக்கும். ஆனால் நான் அதிகம் நம்புவது ஆண்ட்ராய்டின் லாக் கருவியான லாக்கேட்டைத்தான். எஃப்ஏ, எஃப்ஏ-எஸ்விசி ஆகிய இரண்டு டேகுகளையும் வெர்போஸில் வைத்துவிட்டால், எஸ்டிகே எதை ஏற்றது, எதைத் தள்ளியது, ஏன் தள்ளியது என்று வரிவரியாகச் சொல்லிவிடும்.

ஒரு ஷாப்பிங் ஆப்பில் பர்ச்சேஸ் ஈவென்ட் ஒழுங்காக எண்ணப்படுகிறது, வருமானம் மட்டும் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம். டேஷ்போர்டை எத்தனை முறை புதுப்பித்தாலும் காரணம் தெரியாது. லாக்கில் இருக்கும்: வேல்யூ வந்தது, கூடவே மூன்றெழுத்து நாணயக் குறியீடு வரவில்லை, ஆகவே வேல்யூவை விட்டுவிட்டேன் என்று எஸ்டிகே எச்சரித்திருக்கும். ஐஎன்ஆர் என்ற மூன்று எழுத்தை அனுப்பாததால் ஆர்டர் பதிவாகிறது, பணம் பதிவாகவில்லை. திரையில் ரூபாய் அடையாளத்தோடு காட்டிய விலையை அப்படியே சரமாக எடுத்து அனுப்பினாலும் இதே கதிதான். வேல்யூ என்பது எண்ணாகத்தான் போக வேண்டும்.

தமிழில் ஆப் செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஈவென்டோடு போகும் பாராமீட்டரின் சர மதிப்புக்கு 100 எழுத்துதான் எல்லை. நாம் எண்ணும் எழுத்து வேறு, யூனிகோட் எண்ணுவது வேறு. ‘கொத்தமல்லி’ நமக்கு 6 எழுத்து. யூனிகோடில் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி, ஆக 10. பார்வைக்கு அடக்கமாக இருக்கும் ஒரு செய்தித் தலைப்போ சமையல் குறிப்பின் பெயரோ எல்லையைத் தாண்டிவிடும், முழுதாகப் போய்ச் சேராது. பெயரை அனுப்பாமல் அதன் அடையாள எண்ணை அனுப்புங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஈவென்ட் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினால் அது வேறொரு ஈவென்ட் என்பது பலருக்கும் தெரியும். ஆனாலும் ஆண்ட்ராய்டுக்காரர் ஒருவிதமாகவும் ஐபோன்காரர் ஒருவிதமாகவும் எழுதி வைப்பது நிற்கவில்லை. நாமாகச் சேர்த்த பாராமீட்டரை கஸ்டம் டைமென்ஷனாகப் பதிவு செய்தால்தான் ரிப்போர்ட்டில் தெரியும். பதிவுக்கு முந்தைய நாட்களின் விவரம் அங்கே பின்னோக்கி வராது.

இவையெல்லாம் கிடைக்காத ஈவென்ட்களின் கதை. இரண்டு முறை வரும் ஈவென்ட் இதைவிடப் பொல்லாதது என்பது என் தீர்மானமான எண்ணம். வராத ஈவென்டை யாராவது வந்து கேட்பார்கள். கூடுதலாக வருவதைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை. எண் ஏறினால் குழுவே மகிழ்கிறது. ஆண்ட்ராய்டில் போனைப் படுக்கைவாட்டில் திருப்பினால் திரையை அழித்து மறுபடி உருவாக்குவதுதான் இயல்பான நடத்தை. திரை உருவாகும் இடத்தில் ஈவென்டை எழுதியிருந்தால், திருப்பும் ஒவ்வொரு முறையும் அது எழும். ஆகவே டெஸ்ட் செய்யும்போது போனைத் திருப்புகிறேன், பின்னால் போய் வருகிறேன், வேறு ஆப்புக்குத் தாவித் திரும்புகிறேன், பட்டனைச் சட்டென இரண்டு தரம் தட்டுகிறேன். ஒவ்வொரு செயலுக்கும் லாக்கில் எத்தனை வரி விழுகிறது என்று பார்க்கிறேன். பொறுமை வேண்டிய வேலை, எனக்கு மிகவும் பிடித்த வேலையும் இதுதான். அந்த எண்ணை நம்பித்தான் யாரோ ஒரு வசதியை வைத்துக்கொள்கிறார்கள் அல்லது எடுத்துவிடுகிறார்கள். எடுக்கப்பட்ட வசதியை நம்பியிருந்தவருக்கு எண் தப்பாக இருந்தது என்று ஒருநாளும் தெரியப்போவதில்லை.

ஆப் குழுக்களில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஈவென்ட் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் ‘எப்போது எழ வேண்டும்’ என்ற பத்தி இருக்கும். ‘எப்போது எழக் கூடாது’ என்றும் ஒரு பத்தி சேருங்கள். அடுத்த ரிலீசுக்கு முன் அந்தப் பட்டியலோடு டெஸ்டரை லாக்கேட் முன்னால் உட்கார வையுங்கள், அதற்கான நேரத்தை அவருக்குக் கொடுங்கள்.