நான் எழுதிய காரணம்

விபத்து அறிக்கைப் படிவத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. 1997 மார்ச்சில் ஒரு விடியற்காலை, ஜரியா நிலக்கரிப் பகுதியில் ஒரு நிலத்தடிச் சுரங்கத்தின் பாதுகாப்பு அதிகாரியாக அந்தக் கட்டத்தில் நான் இப்படி எழுதினேன்: ‘முட்டுக் கொடுக்காத கூரைக்கு அடியில் தொழிலாளி தன் கவனக்குறைவால் சென்றது.’ அது பொய். பொய் என்று தெரிந்தேதான் எழுதினேன். அந்த மனிதருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம்கூட வரவில்லை.

நான் நெய்வேலியில் வளர்ந்தவன். அங்கே சுரங்கம் என்றால் எவ்வளவு ஆழம் இறங்கினாலும் தலைக்கு மேல் வானம் இருக்கும். கிண்டியில் சுரங்கப் பொறியியல் படித்துவிட்டு தன்பாத் போய் இறங்கியபோதுதான் தலைக்கு மேல் பாறை வந்தது. அந்தக் கூரையை அங்கே ‘சால்’ என்பார்கள். கரியில் தெருத்தெருவாகக் குடைந்துகொண்டே போய், நடுவில் கரியையே தூண்களாக விட்டுவைப்பது எங்கள் முறை. வெடி வைத்துக் கரியை உதிர்த்ததும் புதிதாகக் கொஞ்சம் கூரை வெளிப்படும். அதற்குப் பச்சைக் கூரை என்று பெயர். ஆறாத புண் மாதிரி அது. தொங்கும் கற்களைக் கடப்பாரையால் நெம்பி இறக்கி, முட்டு வைத்து நிறுத்தும்வரை அதன் அடியில் யாரும் நிற்கக் கூடாது.

கூரையைத் தட்டிப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது கல்லூரி அல்ல, ஒரு டிம்பர் மிஸ்திரி. முட்டு வைப்பதுதான் அவர் வேலை. கழியை என் வலது கையில் கொடுத்து, இடது கை விரல்களைக் கூரையில் பதிக்கச் சொன்னார். கணீரென்று கேட்டால் இறுகிய பாறை, பொத்தென்று கேட்டால் உள்ளே பிளவு. “காதை நம்பாதீங்க சாப். பக்கத்துல மெஷின் ஓடினா காது பொய் சொல்லும். விரல்ல அதிர்வு தெரியும், அதை நம்புங்க” என்றார். இருபது வருடம் கூரை பார்த்த கை அது. கால் போனது அவருக்குத்தான்.

ஆனால் என் குற்றம் விபத்து நடந்த அந்த இரவில் தொடங்கவில்லை. அதற்கு ஐந்து மாதம் முன்பே தொடங்கிவிட்டது.

அதற்கும் ஒரு வருடம் முன்னால், 1995 செப்டம்பரில், கஸ்லிதாண்ட் சுரங்கத்துக்குள் கத்ரி ஆற்று வெள்ளம் புகுந்து 64 பேர் இறந்தார்கள். அந்தப் பகுதியில் 1975ஆம் ஆண்டு சாஸ்நாலா சுரங்க விபத்தை யாரும் மறந்திருக்கவில்லை. அதுவும் தண்ணீர்தான், 375 பேர். ஆகவே எங்கள் பயம் முழுக்கத் தண்ணீர்மேல் இருந்தது. பழைய வரைபடங்களை விரித்துவைத்து, எந்தப் பக்கம் கைவிட்ட குழி, எங்கே நீர் தேங்கியிருக்கும் என்று மாதக்கணக்கில் பார்த்தோம். அது சரியான வேலைதான். ஆனால் கூரை அறுபது பேரை ஒரே நாளில் கொல்வதில்லை. ஒருவர், இருவர் என்று எடுத்துக்கொள்ளும். இந்திய நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களில் நெடுங்காலமாக மிக அதிக உயிர்களை வாங்கியது கூரைதான். செய்தித்தாளில் அதற்கு இடமில்லை. என் பதிவேட்டில் இடம் இருந்தது. அந்த இடத்தைத்தான் நான் காலியாக வைத்தேன்.

அக்டோபர் 1996. கரி அள்ளும் லோடர் ஒருவர், கயா பக்கத்துக்காரர், தோளில் கல் விழுந்து மேலே கொண்டுவரப்பட்டார். எலும்பு முறியவில்லை, சதை கிழிந்திருந்தது. மருத்துவர் ஒரு வாரம் ஓய்வு என்றார். சட்டப்படி 72 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாமல் போனால் அது பதிவு செய்து தெரிவிக்க வேண்டிய காயம். பாதுகாப்புக் கேடயத்துக்கு எங்கள் சுரங்கத்தின் பெயர் போயிருந்த வருடம். நான் அவர் குடிசைக்குப் போனேன். “தினம் வந்து ஹாஜிரி மட்டும் போட்டுட்டு, விளக்கு அறையில உட்காருங்க சாச்சா. முழுச் சம்பளம் நான் பார்த்துக்கிறேன்” என்றேன். டப் என்னும் கரி வண்டிக் கணக்கில் கூலி வாங்கும் மனிதர். சம்பள நாளன்று வாசலில் வட்டிக்காரர்கள் காத்து நிற்பார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்றார். அந்த வாழ்த்து இன்றைக்கும் எனக்குச் சுடுகிறது.

கல் விழுந்த இடம் எனக்குத் தெரியும். கடைசி முட்டு வரிசைக்கும் கரி முகத்துக்கும் நடுவில் விதி அனுமதிப்பதைவிட அதிக இடைவெளி இருந்தது. முன்பே என் டைரியில் அதைக் குறித்திருந்தேன். காயத்தைத் தெரிவித்திருந்தால் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்திலிருந்து யாராவது வந்து அந்த டிஸ்ட்ரிக்டை, அதாவது சுரங்கத்தின் அந்தப் பகுதியை, பார்த்திருக்கக்கூடும். முட்டுகளை எண்ணியிருக்கக்கூடும். யாரும் வரவில்லை, ஏனென்றால் எங்கள் பதிவேட்டின்படி அங்கே ஒன்றும் நடக்கவில்லை. கேடயம் வந்தது. மேடையேறி வாங்கியது நான்.

மார்ச் இரவுக்கு வருகிறேன். பச்சைக் கூரையில் நிரந்தர முட்டு வைப்பதற்கு முன் தற்காலிக முட்டு நிறுத்த வேண்டும். வைப்பவரும் மனிதர்தானே, அவருக்கும் தலைக்கு மேல் பாதுகாப்பு வேண்டும். எங்களிடம் இருந்த தற்காலிக முட்டுகள் போதாது. இருந்தவற்றிலும் பாதியை அன்று மாலை வேறொரு டிஸ்ட்ரிக்டுக்கு அனுப்ப ஒப்புதல் கொடுத்தவன் நான். மிஸ்திரிக்கு அது இரண்டாவது ஷிப்ட். மாற்று ஆள் வராததால் தொடர்ந்து நின்றார். பக்கத்துச் சுரங்க வழியில் லோடிங் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. காற்று சரியாக ஓடாத இடம், வேர்வை கண்ணில் இறங்கும். வெடி போட்டாகிவிட்டது, காலி டப்புகள் வரிசையில் நின்றன, மேற்பார்வையாளரான ஓவர்மேன் அவசரப்படுத்தினார். கழியால் தட்டிப் பார்க்கும் நிமிடங்களுக்கு அங்கே யாரும் கூலி கொடுப்பதில்லை. அவர் உள்ளே போனார். போகாமல் முட்டு வைக்க முடியாது. கூரை முனகிய சத்தம் அந்த இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை.

இத்தனையும் தெரிந்துகொண்டுதான் ‘கவனக்குறைவு’ என்று எழுதினேன். முட்டுப் பற்றாக்குறை என்று எழுதியிருந்தால் ஒப்புதல் கொடுத்த கையெழுத்து வெளியே வந்திருக்கும்.

எழுதும்போது எனக்குத் துணைக்கு ஒரு பெரிய பெயரும் இருந்தது. ஹெய்ன்ரிச் 1931இல் எழுதிய விபத்துத் தடுப்பு நூலில், நூற்றுக்கு 88 விபத்துகள் தொழிலாளியின் தவறான செயலால் வருகின்றன என்று சொன்னார். பயிற்சி வகுப்பில் அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதி எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! அவர் அந்த எண்ணுக்கு எதை ஆதாரமாகக் கொண்டார் என்று பல வருடம் கழித்துத்தான் படித்தேன். மேற்பார்வையாளர்களும் முதலாளிகளும் எழுதிவைத்த விபத்து அறிக்கைகள். அதாவது, என்னைப் போன்றவர்கள் அந்தக் கட்டத்தில் எழுதியவை.

2008இல் குனார், பட்டாச்சார்ஜி, சௌ ஆகியோர் இந்திய நிலக்கரித் தொழிலாளர்களில் காயம்பட்டவர்களையும் படாதவர்களையும் ஒப்பிட்டு எழுதிய ஆய்வு வெளிவந்தது. வேலையிடத்தின் ஆபத்துகள், பாதுகாப்பு அறிவின்மை, குடி, உடல்நலக் குறைவு, துணிந்து இறங்கும் சுபாவம் எல்லாவற்றையும் அவர்கள் சேர்த்தே எடைபோட்டிருந்தார்கள். குடித்துவிட்டு இறங்கியவர்களை நானும் பார்த்திருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் அந்த மிஸ்திரி குடிக்காதவர். கூரையைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர். அவரைக் காயப்படுத்திய காரணங்களில் ஒன்றுகூட அவர் உடம்பிலோ குணத்திலோ இல்லை.

நஷ்ட ஈடு வந்தது. மேலே விளக்கு அறையில் அவருக்கு வேலை கொடுத்தார்கள். லோடர் உட்கார்ந்து ஹாஜிரி போட்ட அதே அறை. இரண்டு வருடம், தினமும் காலையில், என் தொப்பி விளக்கை அவர்தான் எடுத்துக்கொடுத்தார். ஒயரை இழுத்துப் பார்த்து, வெளிச்சத்தைச் சுவரில் அடித்துப் பார்த்து, பிறகே தருவார்.

ஒருநாள் அவரே பேச்சை எடுத்தார். “தப்பு என்னோடதுதான் சாப். உங்களுக்கே கத்துக்கொடுத்தவன், நானே அவசரப்பட்டுட்டேன். ரிப்போர்ட்லயும் அப்படித்தான் எழுதியிருக்காமே.”

அறையில் வேறு யாரும் இல்லை. இல்லை என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். விளக்கை வாங்கித் தொப்பியில் மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனேன்.