அப்பாவின் புல்லட்

நேற்று பாறசாலையிலிருந்து தம்பி போன் பண்ணினான். "அண்ணே, அப்பாவோட புல்லட்டை வித்துரலாம். இன்ஜின் உறுமுது, வண்டி மேடு ஏறல. கிளட்ச் பிளேட் போச்சு."

"கிளட்ச் லிவர்ல ஆட்டம் இருக்கா?"

"இல்ல, விறைப்பா இருக்கு. போன வாரம்தான் புதுக் கேபிள் போட்டேன்."

அதுதான் விஷயம். லிவரில் இரண்டு மூன்று மில்லிமீட்டராவது தளர்வு வேண்டும். இல்லையென்றால் கையை எடுத்தாலும் உள்ளே புஷ்ராடு தள்ளிக்கொண்டே இருக்கும். பிளேட்டுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்காமல் வழுக்கும். அப்படியே ஓட்டினால் நிஜமாகவே கருகிவிடும்.

கேபிள் அட்ஜஸ்டரைத் தளர்த்தச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் நெய்யாற்றின்கரையிலிருந்து கூப்பிட்டான். பின்சீட்டிலிருந்து அப்பாவின் குரல்: "விக்காண்டாம் மக்ளே!"

இங்கே ஷார்ஜாவில் எனக்கு ஆட்டோமேட்டிக் கார். இடது கைக்கு வேலையே இல்லை.