முகவரி மாறினாலும் வழி மாறக்கூடாது

'இன்டெக்ஸ்.பிஎச்பி?ஐடி=27' என்று ஒரு கட்டுரைக்கு முகவரி இருந்தால் யாருக்கு நினைவிருக்கும்? அதையே 'கட்டுரை/27' என்று காட்ட அப்பாச்சி வழங்கியில் 'மாட் ரீரைட்' உதவுகிறது. ரால்ஃப் எங்கல்ஷால் 1996 ஏப்ரலில் எழுதி, 1997 ஜூலையில் அப்பாச்சி குழுவுக்குக் கொடுத்தது இது.

வேலை எளிதுதான். முதலில் அந்த மாட்யூலை இயக்க வேண்டும். பிறகு 'எச்டிஅக்சஸ்' கோப்பில் விதி எழுத வேண்டும். எழுதியும் பலனில்லையா? வழங்கியின் அமைப்புக் கோப்பில் 'அலவ் ஓவர்ரைடு' என்பது 'நன்' என்று இருக்கலாம். அப்படியிருந்தால் உங்கள் கோப்பை அப்பாச்சி திறந்தே பார்க்காது! உண்மையிலேயே இருக்கும் கோப்புகளைத் தொடாதே என்ற நிபந்தனையும் தேவை. இல்லாவிட்டால் படத்தைக் கேட்டாலும் நிரலுக்கே போய் நிற்கும்.

பலரும் இத்தோடு முடித்துவிடுகிறார்கள். தளம் வேறு மென்பொருளுக்கு மாறும்போதுதான் சோதனை. பழைய முகவரியைக் குறித்துவைத்த வாசகருக்குக் கிடைப்பது 404. கட்டுரை பத்திரமாக இருக்கிறது, வழிதான் இல்லை!

இதற்கு மருந்து 301, அதாவது 'நிரந்தரமாக இடம் மாறிவிட்டது' என்ற பதில். ஆனால் உலாவி இதை நினைவில் வைத்துக்கொள்ளும். தவறான விதியைப் பின்னர் திருத்தினாலும் பழைய இடத்துக்கே போகும். எனவே முதலில் தற்காலிகமான 302 வைத்துச் சோதித்துவிட்டு 301-க்கு மாறுவது நல்லது.

நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்று டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே எழுதினார். மாற்றித்தான் ஆகவேண்டுமா? வீடு மாறுகிறவர் தபால்காரரிடம் சொல்லிவிட்டுத்தானே போகிறார்!