மனுவில் வெட்டிய வரி

வடகொழும்பில் "தோட்டம்" என்ற சொல்லைக் கேட்டு மரஞ்செடிகளை எதிர்பார்த்து வருபவர் ஏமாந்துபோவார். பெருந்தெருவிலிருந்து பிரியும் ஒடுங்கிய சந்து, அதன் இருமருங்கும் சுவரோடு சுவர் ஒட்டிய ஓரறை, ஈரறை வீடுகள், ஒரு பொதுக்குழாய், ஒரு கான். இதுவே தோட்டம். துறைமுகமும் பண்டகசாலைகளும் பெருகிய காலத்தில், அவற்றுக்கு வேண்டிய கைகள் கூப்பிடு தூரத்தில் இருக்கவேண்டுமென்று எழுந்த வரிசைகள் இவை. அத்தகைய தோட்டமொன்றின் வாயிலிலுள்ள மாடியறையில் நாம் வாடகைக்குக் குடிவந்து பதினோராண்டுகள் ஆகின்றன.

பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்ற எமக்கு இங்கே தாமாகவே வந்து சேர்ந்த உத்தியோகம் மனு எழுதுவது. பிறப்புப் பதிவில் பெயர்ப்பிழையா, சமுர்த்தி நின்றுவிட்டதா, 2023 இல் அதனிடத்துக்கு வந்த அஸ்வெசும கிடைக்கவில்லையா, பாடசாலை முடிந்து நாம் படியேறும்போதே ஒருவர் காத்திருப்பார். சிங்களத்தில் எழுதவேண்டியவற்றை நான்காம் வீட்டுச் சிங்கள அக்கா எழுதுவார். தையற் தொழிற்சாலையில் நாள் முழுதும் நின்று வேலை செய்துவிட்டு வந்து, நின்றபடியே எழுதுவார். எந்த மனுவை எந்த யன்னலில் கொடுப்பது என்ற சாத்திரம் நானா ஒருவருக்குத்தான் தெரியும். மும்மொழிக் காரியாலயம் ஒன்று சம்பளமின்றி நடந்துகொண்டிருந்தது எனலாம்.

2023 மார்ச் 9 ஆந் திகதி நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல், பணமில்லை என்ற காரணங்கூறிப் பின்போடப்பட்டதை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். அதே மாதத்தில் சபைகளின் ஆயுளும் முடிந்தது. 2025 மே 6 ஆந் திகதி வாக்களிக்கும்வரை, ஈராண்டுக்கு மேலாக, தெரிவுசெய்யப்பட்ட அங்கத்தவர் எவருமின்றி இந்நகரம் அதிகாரிகளால் நடத்தப்பட்டது. அங்கத்தவர் இருந்த காலத்தில் அவர் பெரிதாக எதையும் சாதித்துவிட்டார் என்பதன்று. ஆயினும், திட்டுவதற்கு ஒரு முகம் இருந்தது. 2024 ஒக்டோபர் மழையில் கான் பெருகி அடுப்படிகளுக்குள் புகுந்தபோது அந்த முகமும் இல்லாது போயிற்று.

எனவே மனு எழுதுவதென்று முடிவாயிற்று. நாம் இரவிரவாக உட்கார்ந்து எழுதினோம். உள்ளதைச் சொன்னால், எழுதி முடித்ததும் எமக்கே ஒரு பெருமிதம். "மனித வாழ்வுக்கு முற்றிலும் ஒவ்வாத இந்நரகத்தில்" என்று ஒரு வரி. அதற்காகவே மனு எழுதலாம் போலிருந்தது. மறுநாள் மாலை குழாயடியில் அதனை உரக்க வாசித்தோம். வாளிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. எல்லோரும் தலையசைத்தார்கள். வீதியோரத்தில் வடை சுட்டு விற்கும் பெரியம்மா மட்டும், அந்த வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தோம்.

"சேர், இங்க மனுசன் இருக்க முடியாதுன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டா, அப்புறம் அவனுக நம்மள எழுப்பாம என்னா செய்வானுக?"

எமக்கு மறுமொழி வரவில்லை.

பெரியம்மாவின் அச்சம் வெறும் கற்பனையன்று. நகர அபிவிருத்தி அதிகார சபை 2010 இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்திலேயே கொம்பனித்தெருவில், படையினர் காவல்நிற்க, வீடுகள் இடிக்கப்பட்டன. அதன்பின் எத்தனையோ தோட்டங்கள் எழுப்பப்பட்டு, அங்கிருந்தோர் அடுக்குமாடிகளில் ஏற்றப்பட்டார்கள். எமது தோட்டத்து இளைஞர் சிலருக்கு அடுக்குமாடியில் ஆசையுண்டு. வீட்டுக்குள்ளேயே குழாய், சொந்தமாக ஒரு கழிப்பறை என்பவை அற்ப விடயங்களல்ல. தனியறையில் குளிக்கும் நாம் குழாயடியைப் புகழ்ந்து கட்டுரை எழுதுவது நியாயமுமன்று. ஆனால் பத்தாம் மாடியிலிருந்து வடைத் தட்டை எவ்வாறு தெருவுக்குக் கொண்டுவருவது? கீழ்வீட்டுப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? கையில் உறுதி இல்லாதவர், போகமாட்டேன் என்று எந்தப் பலத்தில் சொல்வது? இவை பெரியம்மாவின் கேள்விகள்.

ஒரே கான் ஓடுவதால் எல்லோரும் ஒன்றுபட்டுவிடுவர் என்று எண்ணவும் கூடாது. 1923 இல் கொழும்புத் தொழிலாளரைப் பொதுவேலைநிறுத்தத்திலே ஒன்றுசேர்த்த ஏ. ஈ. குணசிங்கவே, வேலையின்மை பெருகிய முப்பதுகளில் மலையாளத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பினார். 1983 யூலையில் இதே சந்துகளில் நடந்தவற்றை முதியவர்கள் குழாயடியில் பேசுவதில்லை. எமது மாணவர்க்கு இவை பரீட்சைக்குரிய ஆண்டுகள். இங்கோ, யார் யாருக்குக் கதவு திறந்தார், யார் திறக்கவில்லை என்ற கணக்கு இன்னும் மௌனமாகக் கிடக்கிறது. அந்தக் கணக்கையும் வைத்துக்கொண்டுதான் அக்காவும் நானாவும் பெரியம்மாவும் ஒரே தாளில் ஒப்பமிட வந்தார்கள்.

அந்த வரியை நாம் வெட்டினோம். அதனிடத்தில் பெரியம்மா சொல்லச் சொல்ல எழுதியது இது: "மூன்று தலைமுறையாக நாங்கள் வாழ்ந்துவரும் இவ்விடத்தின் கானைத் துப்புரவாக்கித் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்." அலங்காரம் எதுவுமில்லை. பதினைந்தாண்டு தமிழ் படிப்பித்த எவரும் அதற்குப் புள்ளி குறைத்தே இடுவர். அதன்கீழ் மூன்று எழுத்துக்களிலும் ஒப்பங்கள் விழுந்தன. சில பெருவிரல் அடையாளங்களும்.

பதில் ஆறு வாரங்கழித்துத் தனிச் சிங்களத்தில் வந்தது. தமிழும் அரசகரும மொழியென்று 1987 இல் அரசியலமைப்பிலே எழுதியாயிற்று. கடிதம் எழுதுவோருக்கு அச்செய்தி இன்னும் எட்டவில்லைப் போலும். அக்கா வாசித்துக் காட்டினார். ஒரு காலையில் ஆட்கள் வந்து கானை வாரிவிட்டுப் போனார்கள். வாரிய சேறு நான்கு நாள் ஓரத்திலேயே கிடந்து, பாதி மீண்டும் உள்ளே போயிற்று.

2025 இல் வேட்பாளர்கள் சந்துக்குள் வந்தார்கள். பெரியம்மா அவர்களிடம் கானைப் பற்றிக் கேட்டார். உறுதியைப் பற்றியும் கேட்டார். கானுக்கு மட்டும் பதில் கிடைத்தது.

மனுவின் பிரதியொன்றை அவர் அப்போதே எம்மிடம் கேட்டு வாங்கியிருந்தார். பழைய மின்சார பில்கள், வாக்காளர் இடாப்புப் பிரதி, கணவரின் மரணச் சான்றிதழ் ஆகியவற்றோடு அதுவும் ஒரு பிஸ்கற் பேணியில் இருக்கிறது. என்றாவது எழுப்ப வந்தால், இங்கே இருந்தோம் என்பதற்கு அத்தாட்சி. முதலிற் கொடுத்த பிரதியில் காரியாலய முத்திரை தெளிவாக விழவில்லை என்று, எம்மை இரண்டாந்தரமும் அந்த யன்னலுக்கு அனுப்பினார்.